தொட்டியில் இருந்த 76 கிலோ

எங்கள் வீட்டில் இருந்த பழைய நூறு சிசி வண்டியில் பெட்ரோல் முள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. தொட்டி நிறைய இருந்தாலும் காலியாக இருந்தாலும் அது நடுவில்தான் நிற்கும். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார். மூடியைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார், அல்லது இடுப்பால் வண்டியை ஆட்டி உள்ளே சளக் சளக்கென்று கேட்கிற சத்தத்தை வைத்து, "ஜங்ஷன் போய்ட்டு வரலாம்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

உண்மையில் அவர் நம்பியது ரிசர்வ் நாபை. இன்றைய ஸ்கூட்டர் தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது. இடது முழங்காலுக்குக் கீழே, தொட்டியின் அடியில் ஒரு சின்னத் திருகு. தொட்டிக்குள்ளே ஒரு குழாய் உயரமாக நிற்கும். சாதாரணமாக வண்டி அந்தக் குழாயின் மேல்வாயிலிருந்துதான் பெட்ரோலை எடுக்கும். மட்டம் அதற்குக் கீழே போனால் இஞ்சின் திக்கும். ஓடுகிற வண்டியிலேயே குனிந்து நாபை ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் உள்ள துளையிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். இன்னும் ஒரு லிட்டரோ ஒன்றரையோ மிச்சம். பங்க் வரை போய்விடலாம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. பெட்ரோல் போட்ட பிறகு நாபை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் உடனே ஒன்றும் ஆகாது, வண்டி அருமையாக ஓடும். அடுத்த முறை திக்கல் இருக்காது, அவ்வளவுதான். ஒரேயடியாக நின்றுவிடும்.

கோவில்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து நானும் அப்பாவும் இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். கயத்தாறு தாண்டிக் கொஞ்ச தூரம். இருமல் இல்லை, திக்கல் இல்லை, இஞ்சின் அப்படியே அடங்கியது. என் கை தானாகக் கீழே போய் நாபைத் தேடியது. அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. இரண்டு நாள் முன்பு தம்பி ரிசர்வில் போட்டிருந்தான், மறுநாள் பெட்ரோல் போட்டவன் நான். திருப்பி விட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அவன் நான் திருப்புவேன் என்று நினைத்தான். நான் எதையுமே நினைக்கவில்லை.

அப்பா இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏல, பெட்ரோல் போட்டா முதல்ல கை எங்க போவணும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு தள்ள ஆரம்பித்தோம். எவ்வளவு தூரம் என்று இப்போது சரியாக நினைவில்லை. அந்த நாற்கரச் சாலையில் லாரிகள் கடந்து போகும்போது வேட்டி படபடத்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். நல்ல பழக்கமா என்று கேட்டால் என் மனைவி வேறு பதில் சொல்வாள். கிளாஸ்கோ ஹெலிகாப்டர் விபத்தின் அறிக்கையை முதல் முறை படித்தபோது, அதில் இரண்டு பம்ப் சுவிட்சுகள் இருந்த நிலையைப் பற்றிய வரி வந்ததும் என் இடது கை முழங்காலுக்குக் கீழே போனது. மிகைப்படுத்தவில்லை.

2013 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிளைட் ஆற்றங்கரையில் ஸ்டாக்வெல் தெருவில் கிளத்தா என்றொரு மதுக்கூடம். கிளத்தா என்பது கிளைட் ஆற்றின் பழைய பெயர். உள்ளே நூறு பேருக்கு மேல். ஒரு ஸ்கா இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. இரவு 10:22 மணியளவில் கூரை இடிந்து விழுந்தது. இசைக்குழுதான் கூரையை விழ வைத்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்கள் முதலில் வேடிக்கையாகச் சொன்னதாகவும் படித்திருக்கிறேன். கூரை மேல் ஒரு போலீஸ் ஹெலிகாப்டர் கிடக்கிறது என்று உள்ளே யாருக்கும் தோன்றியிருக்காது. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. ஹெலிகாப்டரில் இருந்த விமானி, இரண்டு காவலர்கள், கீழே இருந்தவர்களில் ஏழு பேர் என மொத்தம் பத்துப் பேர் இறந்தார்கள்.

அந்த ஹெலிகாப்டர் யூரோகாப்டர் ஈசி135 வகை. இரட்டை இஞ்சின். இரவு 8:44-க்கு கிளைட் ஆற்றங்கரையிலேயே இருந்த நகர ஹெலிகாப்டர் தளத்திலிருந்து 400 கிலோ எரிபொருளோடு கிளம்பியது. (வானூர்திக்காரர்கள் எரிபொருளை லிட்டரில் பேசுவதைவிட எடையில் பேசுவதுதான் அதிகம். வெப்பத்துக்கு எண்ணெய் விரியும், சுருங்கும். கிலோ மாறாது.) முதலில் நகரத்துக்குள்ளேயே ஓட்லண்ட்ஸ் பகுதியில் ரயிலில் அடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவரைத் தேடும் வேலை. பிறகு கிழக்கே எடின்பரோ பக்கம் டால்கீத்தில் ஒரு கண்காணிப்பு. திரும்பும் வழியில் பாத்வெல், அடிங்ஸ்டன், பார்கெடி என்று சில்லறை வேலைகள். 10:18-க்கு கிளாஸ்கோ வான்வெளிக்குள் வர அனுமதி கேட்டார் விமானி. சாதாரணக் குரல். அதற்குப் பிறகு அவசர அழைப்பு எதுவும் வரவில்லை. தளத்துக்கு இன்னும் சில நிமிடம்தான்.

ராயல் ஏர் ஃபோர்ஸில் பணியாற்றியவர், 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். புது ஆள் இல்லை.

ஹெலிகாப்டரைக் கூரையிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கி எடுத்தார்கள். விசாரணையாளர்கள் தொட்டிகளைத் திறந்து பார்த்தபோது பிரதானத் தொட்டியில் 76 கிலோ எரிபொருள் அப்படியே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 நிமிடத்தில் சுமார் 324 கிலோ எரிந்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு மூன்றே கால் கிலோ. 76 கிலோ என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் பறக்கலாம். ஆனாலும் இரண்டு இஞ்சின்களும் எண்ணெய் இல்லாமல்தான் அணைந்திருந்தன.

இது எப்படி என்று புரிய ஒரு வானூர்திப் பொறியாளர் தேவையில்லை. வீட்டில் சம்பும் மேல்தொட்டியும் இருந்தால் போதும். சம்பில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் போட்டால்தான் மேலே ஏறும். குழாய்க்குத் தண்ணீர் வருவது மேல்தொட்டியிலிருந்துதான். மோட்டார் போட மறந்துவிட்டால், சம்ப் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குளியலறையில் சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான்.

ஈசி135-இல் பிரதானத் தொட்டிதான் சம்ப். அதன் பின்னால் இஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு சின்ன விநியோகத் தொட்டிகள். இஞ்சின் குடிப்பது இவற்றிலிருந்து மட்டும். பிரதானத் தொட்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிரான்ஸ்ஃபர் பம்புகள் ஓயாமல் எண்ணெயை இவற்றுக்குள் தள்ளும். மிஞ்சினால் வழிந்து மறுபடி பிரதானத் தொட்டிக்கே வந்துவிடும். ஆக, பம்புகள் ஓடும் வரை சின்னத் தொட்டிகள் எப்போதும் நிறைந்தே இருக்கும், குறைவதெல்லாம் பிரதானத் தொட்டியில்தான். நல்ல ஏற்பாடு.

சிக்கல் எண்ணெய் குறையும்போது வருகிறது. ஹெலிகாப்டர் வேகமாக முன்னே போகும்போது மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும், ஒரே இடத்தில் மிதக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும். தொட்டியில் கொஞ்சமே எண்ணெய் இருந்தால் அது தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி ஒரு பக்கம் ஓடும். போகும்போது பின்பம்ப் வெறுங்காற்றில் சுற்றும், மிதக்கும்போது முன்பம்ப். எண்ணெய் இல்லாமல் பம்ப் ஓடினால் என்ன ஆகும் என்று போர் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயில் கட்டப் போக வேண்டும். அதனால் பம்ப் வறண்டு ஓடுகிறது என்று எச்சரிக்கை வந்தால் விமானி அந்தப் பம்பை அணைக்க வேண்டும், பிறகு எண்ணெய் அந்தப் பக்கம் வந்ததும் மறுபடி போட வேண்டும்.

அணைப்பதற்கு ஒரு விளக்கு எரிந்து கேட்கிறது. மறுபடி போடு என்று கேட்பது யார்? அந்த வேலை விமானியின் நினைவிடம் விடப்பட்டிருந்தது. தேடல் வேலை என்றால் மிதப்பது, போவது, மறுபடி மிதப்பது என்று ஓர் இரவில் பல முறை மாறும்.

அந்த ஹெலிகாப்டரில் இரண்டு டிரான்ஸ்ஃபர் பம்பு சுவிட்சுகளும் அணைந்த நிலையில் இருந்தன. விநியோகத் தொட்டிகள் வறண்டு கிடந்தன. அதே பலகையில் பிரைம் பம்பு என்று இன்னும் இரண்டு சுவிட்சுகள் உண்டு, இஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் பயன்படுபவை. அவை இரண்டும் போட்ட நிலையில் இருந்தன. இதைப் படிக்கிற யாருக்கும் உடனே ஒன்று தோன்றும். டிரான்ஸ்ஃபர் பம்பைப் போடுவதாக நினைத்து அவர் கை பக்கத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டதோ? எனக்கும் தோன்றியது. இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதை உறுதிப்படுத்த வழியில்லை. அந்த ஹெலிகாப்டரில் கறுப்புப் பெட்டி கிடையாது. அந்த வகைக்கு அப்போது சட்டப்படி கட்டாயமும் இல்லை. இஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிகள், எச்சரிக்கைக் கருவி இவற்றின் நினைவகத்திலிருந்து துணுக்குகளைச் சேர்த்துத்தான் பிரிட்டனின் வான் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015 அக்டோபரில் அறிக்கை எழுதியது. போலீஸ் ஹெலிகாப்டர்களிலும் மருத்துவ ஹெலிகாப்டர்களிலும் பதிவுக் கருவி வேண்டும் என்ற பரிந்துரை அதிலிருந்து வந்ததுதான்.

அந்தத் துணுக்குகள் சொன்னதில் கனமானது இது: எண்ணெய் குறைவு என்ற எச்சரிக்கை ஐந்து முறை வந்திருக்கிறது. சிவப்பு விளக்கு, காதில் மணி. ஐந்து முறையும் யாரோ பொத்தானை அழுத்தி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கையேடு என்ன சொல்கிறது என்றால், தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா பார், இருந்தால் டிரான்ஸ்ஃபர் பம்புகள் இரண்டும் போட்டிருக்கின்றனவா பார், அப்படியும் விளக்கு அணையாவிட்டால் பத்து நிமிடத்துக்குள் தரையிறங்கு. மூன்று வரி.

இந்த எச்சரிக்கை தரும் உணரி விநியோகத் தொட்டிகளில் இருக்கிறது, அளவு காட்டும் உணரியோடு சம்பந்தம் இல்லாதது. வேண்டுமென்றேதான் தனியாக வைத்திருக்கிறார்கள். முள் பொய் சொன்னாலும் விளக்கு உண்மை சொல்ல வேண்டும் என்று. அந்த முள் பொய் சொல்லக்கூடியதுதான் என்பதும் பிறகு தெரிந்தது. விபத்து நடந்து இரண்டு வாரத்துக்குள், 2013 டிசம்பரில், அந்தப் போலீஸ் ஹெலிகாப்டரை இயக்கிய அதே நிறுவனத்தின் இன்னொரு ஈசி135-இல் அளவு தவறாகக் காட்டியதால் தன்னிடமிருந்த அந்த வகை ஹெலிகாப்டர்கள் அனைத்தையும் அந்நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. உணரியில் தண்ணீர் கலந்தால் இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும்.

ஆகவே அந்த இரவில் அவர் முன்னால் இரண்டு சாட்சிகள் இருந்திருக்கலாம். திரையில் பிரதானத் தொட்டியில் எண்ணெய் இருக்கிறது, அது உண்மையும்கூட. விளக்கோ இல்லை என்கிறது, அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இரண்டு சுவிட்சுகள்.

முதலில் வலது இஞ்சின் அணைந்தது. 32 விநாடி கழித்து இடது. இரண்டு விநியோகத் தொட்டிகளில் ஒன்றைக் கொஞ்சம் சிறியதாக வைத்திருப்பதே, ஒரே நேரத்தில் இரண்டும் நின்றுவிடக் கூடாது, நடுவில் இறங்க நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அந்த நேரம் அன்று 32 விநாடியாகச் சுருங்கிவிட்டது. இதற்குமேல் எழுதத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் "இஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும்" என்று எப்போதும் யாராவது சொல்வார்கள், அது சரியல்ல.

இஞ்சின் நின்றாலும் மேல்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், விமானி உடனே இடக்கையில் உள்ள கலெக்டிவ் கம்பியை (விசிறி இறக்கைகளின் சாய்வை ஒன்றாக மாற்றுவது) கீழே இறக்கினால். இறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். வேப்ப மரத்து இலை சுழன்று இறங்குவது போலத்தான். தரைக்கு அருகில், சேர்த்து வைத்த அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள், ஹெலிகாப்டர் விமானிகள் எல்லோரும் பயின்றிருப்பார்கள். ஆனால் அதற்கு வேண்டிய மூன்று: உடனடி எதிர்வினை, போதிய உயரம், கீழே ஒரு திறந்த இடம். விசிறியின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பிறகு எந்தக் கம்பியை இழுத்தும் திரும்ப வராது. நள்ளிரவை நெருங்கும் ஒரு நகரம். இரண்டாவது இஞ்சினும் நின்றதும் மின்சாரத்தின் ஒரு பகுதி தானாகத் துண்டிக்கப்படும். தரையிலிருந்து உயரம் காட்டும் கருவியும், திருப்பக்கூடிய இறங்குவிளக்கும் அதில் போய்விடும். அவற்றைத் திரும்பப் பெற இன்னொரு சுவிட்சைக் கையால் மாற்ற வேண்டும். அது மாற்றப்படவில்லை. இருட்டில், உயரம் தெரியாமல், எந்த நொடியில் கம்பியை இழுப்பது? கூரையில் மோதியபோது மேல்விசிறியும் வால்விசிறியும் சுற்றவே இல்லை.

2019-இல் மரணங்கள் குறித்த நீதி விசாரணை நடந்தது. இவ்வளவு குடும்பங்களும் வழக்கறிஞர்களும் உட்கார, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானத்திலேயே தற்காலிக நீதிமன்றம் அமைத்தார்கள். அக்டோபர் 30-ஆம் தேதி ஷெரிஃப் பிரின்சிபல் (ஸ்காட்லாந்தில் ஒரு மூத்த நீதிபதிப் பதவி) கிரெய்க் டர்ன்புல் தந்த முடிவு: எச்சரிக்கைகள் தவறாக இருக்கலாம் என்று விமானி துணிந்துவிட்டார், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. விமானியின் குடும்பத்தார் மட்டுமல்ல, மதுக்கூடத்தில் உறவுகளை இழந்தவர்களில் சிலரும் இதை ஏற்கவில்லை. விசாரணை தங்களுக்கு விடை தரவில்லை என்றார்கள்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. அந்த முடிவு சாட்சியத்துக்குப் பொருந்துகிறது என்பதையும் மறுக்கவில்லை. ஐந்து முறை மணி அடித்திருக்கிறது. ஆனால் "தெரிந்தே" என்ற சொல்லில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. கயத்தாறு பக்கத்தில் நான் அன்று செய்ததில் தெரிந்தே செய்தது எது? பெட்ரோல் போட்டேன், காசு கொடுத்தேன், கிளம்பினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணம் என் மனதில் முழுசாக இருந்தது. அந்த எண்ணம் இருக்கிறவனிடம் மணி அடித்தால் அவன் மணியைத்தான் சந்தேகிப்பான். பம்பைத் திரும்பப் போட்டாயிற்று என்று ஒருவர் மனதார நம்பியிருந்தால், விளக்குதான் அவருக்குப் பொய்யாகத் தெரியும். இது என் ஊகம். அவர் என்ன நம்பினார் என்பதை எந்தக் கணினியும் பதியவில்லை.

தெரிந்தே என்ற சொல் பொருந்துகிற விபத்து வேறு இருக்கிறது.

2011 ஆகஸ்ட் 26. அமெரிக்காவின் மிசோரி மாநிலம். ஒரு நோயாளியை பெத்தனி ஊர் மருத்துவமனையிலிருந்து லிபர்ட்டி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், ஏஎஸ்350 வகை, ஒற்றை இஞ்சின். பெத்தனியில் இறங்கிய பிறகுதான், கிளம்பும்போது தான் சொன்ன அளவுக்கு எண்ணெய் இல்லை என்பதை விமானி கவனிக்கிறார். இது தரையில் நின்றுகொண்டிருக்கும்போது. இங்கே நின்றுவிட்டால் ஒருவருக்கும் ஆபத்தில்லை, எண்ணெய் வண்டியை வரச் சொல்லலாம். ஆனால் நோயாளி படுக்கையில் காத்திருக்கிறார், செவிலியரும் துணை மருத்துவரும் தயார். தொலைபேசியில் தகவல் மையத்தோடு பேசி, வழியில் மோஸ்பி என்ற ஊரின் சிறு விமான நிலையத்தில் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. லிபர்ட்டி 62 கடல் மைல் என்றால் மோஸ்பி 58. நான்கே மைல் மிச்சம். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

மோஸ்பி ஓடுபாதைக்கு ஒரு மைல் இருக்கும்போது இஞ்சின் அணைந்தது. பகல் வெளிச்சம், கீழே வயல்வெளி. இறங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனாலும் நான்கு பேரும் இறந்தார்கள். அந்த வகை ஹெலிகாப்டர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இஞ்சின் நின்றால் கலெக்டிவை இறக்கினால் மட்டும் போதாது, அதே கணத்தில் வலக்கையில் உள்ள, ஹெலிகாப்டரைச் சாய்த்துத் திசை காட்டும் சைக்ளிக் கம்பியையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். பயிற்சியில் பெரும்பாலும் மெதுவான வேகத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் பழக்கியிருக்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவில் மூன்று தவறுகள் வரிசையாக வருகின்றன: முதல் முறை கிளம்பும் முன் எண்ணெயைச் சரிபார்க்காதது, குறைவு என்று தெரிந்தும் இரண்டாம் முறை கிளம்பியது, இஞ்சின் நின்றதும் ஆட்டோரொட்டேஷனுக்குள் போகாதது. பணி நேரத்தில் விமானி கைப்பேசியில் சொந்தக் குறுஞ்செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் அதில் இருக்கிறது. செய்தித்தாள்கள் அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு அது இரண்டாம்பட்சமாகத் தெரிகிறது. நடுவில் உள்ள தவறுதான் என்னை உறுத்துவது. முள்ளைப் பார்த்தாயிற்று, போதாது என்று தெரிந்தாயிற்று, வாய்விட்டும் சொல்லியாயிற்று. அதன் பிறகும், தொலைபேசியின் அந்தப் பக்கம் இருந்தவர் உட்பட, யாரும் "வேண்டாம், அங்கேயே இரு" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கவும் இல்லை. இப்படிப்பட்ட நிலைமையை மேலே உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி அந்த நிறுவனத்தில் இல்லை என்று வாரியம் எழுதியது.

கல்யாண வீட்டில் கிளம்பும்போது யாரும் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பதில்லை, சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறார்கள். அது போகட்டும்.

பெட்ரோல் முள் என்றாலே எனக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். கேரி பவர்ஸ். பனிப்போரில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தெரியும். 1960 மே 1-ஆம் தேதி சோவியத் நாட்டுக்கு மேலே யு-2 உளவு விமானத்தில் பறந்து, ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டவர். மாஸ்கோவில் வழக்கு, பத்தாண்டு தண்டனை. 1962 பிப்ரவரியில் கிளீனிக்கே பாலத்தில் சோவியத் உளவாளி ரூடால்ஃப் ஏபலுக்கு மாற்றாக விடுதலை. அவ்வளவு உயரத்திலிருந்து உயிரோடு இறங்கியவர் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்காக ஹெலிகாப்டர் ஓட்டினார். 1977 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, சாண்டா பார்பரா பக்கம் காட்டுத்தீயைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அவரும் ஒளிப்பதிவாளரும் இறந்தார்கள். அவருக்கு 47 வயது.

அதிகாரபூர்வக் காரணம் எரிபொருள் தீர்ந்தது, விமானியின் கணக்குப் பிசகு. அவர் மகன் பிற்பாடு சொன்ன கதை வேறு மாதிரி. அந்த ஹெலிகாப்டரின் எண்ணெய் முள் பழுதாம். காலி என்று காட்டினாலும் உள்ளே கொஞ்சம் இருக்கும், அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. மெக்கானிக் ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டார், இவரிடம் சொல்லவில்லை. முள் முதல் முறையாக உண்மை சொன்ன அன்று அவர் அதை நம்பவில்லை. மகன் சொன்னது அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். பழுதான முள்ளோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்திய வீட்டில் வளர்ந்த எனக்கு அதை நம்புவது சுலபம்.

எங்கள் வண்டியின் முள்ளை அப்பா கடைசிவரை மாற்றவே இல்லை. ஒரு முறை மெக்கானிக் அண்ணாச்சி, "சார், மிதவைதான் போயிருக்கு, மாத்திருவோமா?" என்று கேட்டபோது அப்பா வேண்டாம் என்றார். காசுக்காக என்று அப்போது நினைத்தேன்.

கிளத்தா மதுக்கூடம் 2015-இல் மறுபடி திறந்தது.  இப்போதும் அங்கே வாரக் கடைசியில் இசை உண்டு. ஈசி135-களும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன, நம்பகமான ஹெலிகாப்டர் என்றுதான் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு சுவிட்சுகள் ஏன் அணைந்திருந்தன என்ற கேள்விக்கு அறிக்கையிலும் விடை இல்லை, ஆறு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பிலும் இல்லை.

அப்பாவின் வண்டியை அவர் காலமான அடுத்த வருஷம் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அவர் தொட்டியைக் காலி செய்யக் குனிந்தார். நான் நாபைப் பார்த்தேன். ஆனில் இருந்தது. இப்போது என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். பங்கில் பையன் "சீரோ பாத்துக்கோங்கண்ணே" என்று சொல்லி முடித்து, மூடியைத் திருகியதும், என் இடது கை கீழே போய் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கணம் தடவிவிட்டுத்தான் மேலே வருகிறது.